ஜானோவின் ஆர்வ எண்

"ஏழெட்டு எவ்வளவு?"

தலைமையாசிரியர் கண்டியப்பன் கேட்டு முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கிவிட்டது. சில பிள்ளைகள் பாதி எழுந்தே நின்றார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஜானோ மராண்டி மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் மேளக்காரரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாருமதி தன் கைப்பலகையைப் பார்த்தாள். வகுப்பின் எண்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. எழுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எண்பத்தொன்று. ஜானோவின் பெயருக்கு நேரே நான்கு. நூற்றுக்கு நான்கு.

சாருமதி கோயமுத்தூரிலிருந்து கிளம்பி வந்ததே அந்த நான்குக்காகத்தான்.

திருப்பூரில் ஒரு வகுப்பறைக்குள் ஐந்தாறு மொழிகள் இருப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டிருந்தது. பனியன் கம்பெனிகளில் துணி பின்னுவதும் வெட்டுவதும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டாலும், கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பதற்கு மனிதக் கை தேவைப்பட்டது. அந்தக் கைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தன. பிள்ளைகளும் வந்தார்கள். ஆசிரியர் தமிழில் சொல்வது அவர்களுக்குப் புரியவேண்டுமே என்று செய்யப்பட்டதுதான் செவித்துணை. காது மடலில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பொட்டு. கண்டியப்பன் தமிழில் பேசுவார். ஒரு பிள்ளைக்கு ஒடியாவில் கேட்கும், இன்னொன்றுக்குப் போஜ்புரியில், ஜானோவுக்குச் சந்தாலியில். அரசாங்கத்துக்கு அது செவித்துணை, பிள்ளைகளுக்கு அது 'கம்மல்'.

கம்மலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. போட்டிருக்கும் பிள்ளையின் நாடி, மூச்சு, தோலின் ஈரம், தாடையின் இறுக்கம் எல்லாவற்றையும் பார்த்து, பாடத்தில் அதற்கு எவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்று நொடிக்கு நொடி ஓர் எண் சொல்லும். அந்த எண்ணைக் கணக்கிடும் பகுதியை உருவாக்கிய குழுவில் சாருமதியும் ஒருத்தி. ஊர் முழுக்க அந்த எண்ணை நம்பியது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது எண் இருபதுக்குக் கீழே இருந்தால், அந்தப் பிள்ளையைப் படிப்பில் வைத்திருந்து பயனில்லை, தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று சட்டமே வந்துவிட்டது. பரீட்சையில் ஓரளவு எழுதினாலும் சரி, ஆர்வம் இல்லாத பிள்ளை ஆர்வம் இல்லாத பிள்ளைதான்.

இந்தப் பள்ளியில் அந்த வருடம் இருபதுக்குக் கீழே வந்த முப்பது சொச்சம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சந்தாலிக் குடும்பத்துப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாவட்டக் குழு கூடி அவர்களைப் பிரித்து அனுப்பப்போகிறது. அதற்குள், சந்தாலி மொழிபெயர்ப்பில் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச்சொல்லி கம்பெனி சாருமதியை அனுப்பியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

வகுப்பு முடிந்ததும் கண்டியப்பன் அவளோடு வராந்தாவில் நடந்தார்.

"உங்க கண்ணு முன்னாலயே பாத்தீங்கல்ல மேடம்? எங்க ஊரு பசங்க கேள்வி கேட்டா துள்ளி எந்திரிப்பானுங்க. இதுக விருந்தாடி வந்தவுங்க மாதிரி உக்காந்திருக்குதுங்க. குறும்பு கிடையாது, சண்டை கிடையாது. நல்ல பிள்ளைகதான். ஆனா பள்ளிக்கூடம்னா ஒரு இது வேண்டாமுங்களா?"

"ஒரு இதுன்னா?"

"அதான் மேடம்... ஒரு பயம் பக்தி."

சாருமதி சிரித்துவிட்டு அதை விட்டுவிட்டாள்.

அன்று முழுக்க அவள் மொழிபெயர்ப்பைத் தோண்டித் துருவிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. கண்டியப்பனின் "பண்ணிப்போட்டு", "போட்டுப்போடு"கூட சந்தாலியில் ஏதோ ஒரு கிராமத்துக் கொச்சையாகப் பதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜானோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் காதிலும் ஒரு கம்மலை மாட்டிக்கொண்டு பேசினாள்.

"ஏழெட்டு எவ்வளவு கண்ணு?"

ஜானோ அவளை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

ஜானோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பலகையில் எண் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

சாயங்காலம் கம்பெனி விடும் நேரத்துக்கு ஜானோவின் அம்மா மைனோவைத் தேடிப் போனாள் சாருமதி. சாயப்பட்டறை வீதியின் முனையில் டீக்கடையோரம் மைனோ வந்து நின்றாள். தலைமுடியில் பஞ்சுத் துகள். பன்னிரண்டு வருடத் திருப்பூர் வாசம் அவளுக்குக் கம்மல் தேவைப்படாத ஒரு தமிழைக் கொடுத்திருந்தது.

"அக்கா, எம்புள்ளயத் தையல் கூடத்துக்கு அனுப்பப்போறாங்களாமே. மெய்யாலுமா?"

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன். வீட்டுல படிக்கிறாளா?"

"அவளுக்குப் புடிச்சா படிப்பா. புடிக்கலேன்னா வெளையாடுவா. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

"கேள்வி கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறாளே?"

மைனோ சங்கடமாகச் சிரித்தாள். "வாத்தியார் தெரிஞ்சதையே கேக்கறாருன்னு வீட்டுல வந்து சொல்லிச் சிரிப்பாக்கா. எங்க பக்கம் தெரியாதவங்கதான் கேப்பாங்க. தெரிஞ்சுகிட்டே கேட்டா கேலி பண்றாங்கன்னு அர்த்தம். நான் சொல்லிப் பாத்தேன், இந்த ஊர்ல அப்படித்தான்டி, கேட்டா சொல்லிருன்னு. சரிங்கிறா. மறந்துடறா." பிறகு அவள் குரல் மாறியது. "அக்கா, நான் தைக்கிறது போதும். அவ தைக்க வேண்டாம்."

கிளம்பும் நேரத்தில்தான் சாருமதிக்கு ஒன்று தெரிந்தது. ஜானோவுக்கு முங்லி என்று ஓர் அக்கா இருந்தாள். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவளுடைய எண் எண்பத்து மூன்று.

ஒரே வீடு, ஒரே மொழி, ஒரே சோறு. தங்கைக்கு நான்கு, அக்காவுக்கு எண்பத்து மூன்று. பேருந்தில் கோயமுத்தூர் திரும்பும் வழியெல்லாம் சாருமதி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். மொழியில் கோளாறு என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா இருக்கவேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது அவள் மகள் ஆதிரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. காதில் கம்மல். அது தனியார் பள்ளிகளுக்காகச் செய்தது, வீட்டுப்பாடத்தின்போதும் போட்டுக்கொள்ளலாம். அவளை யாரும் உட்கார் என்று சொன்னதில்லை, எழுந்திரு என்று எழுப்பியதில்லை. நாய் பூனைக்கெல்லாம் முன்னாலேயே விழித்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துவிடுவாள். அவளுடைய எண் தொண்ணூற்றாறு. எதற்கென்று இல்லாமல் சாருமதி அலுவலகத்தில் அதை இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தை நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன. வேப்பெண்ணெய் தடவியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இன்னிக்கு எப்படிப் போச்சு கண்ணு?"

"தொண்ணூத்தேழு வரைக்கும் போச்சும்மா," என்றாள் ஆதிரை, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் காலை இடைவேளையில் அந்தச் சம்பவம் நடந்தது.

சாருமதி தலைமையாசிரியர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜானோ எங்கேயோ மைதானத்தில் இருந்தாள். நான்கு, நான்கு, ஐந்து, நான்கு. திடீரென்று நாற்பது. அறுபத்தெட்டு. தொண்ணூற்று மூன்று.

சாருமதி துள்ளி எழுந்தாள். இந்தப் பெண்ணுக்கு எதன்மேலோ ஆர்வம் பிறந்துவிட்டது! அது என்னவென்று தெரிந்தால் போதும், அதை வைத்தே குழுவிடம் பேசிவிடலாம். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். சத்துணவுக் கூடத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பின்பக்கம் போனாள்.

மதில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஜானோ நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு கை தூரத்தில், குட்டி போட்ட ஒரு செவலை நாய் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தது. பந்து அதன் குட்டிகளுக்கு நடுவே கிடந்தது. ஜானோவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கால் வழியாக மூத்திரம் இறங்கி மண்ணை நனைத்திருந்தது.

"அசையாதே கண்ணு, அப்படியே நில்லு," என்று சொல்லிக்கொண்டே சாருமதி மெதுவாகப் பக்கவாட்டில் போய் ஜானோவை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பின்னாலேயே நடந்து வந்தார்கள். நாய் குட்டிகளிடம் திரும்பிப் போய்விட்டது. ஜானோ அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாருமதியின் கையில் இருந்த பலகையில் எண் இன்னும் தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

சாருமதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாய் கொடுத்த பயம் அதற்குள் போய்விட்டிருந்தது. வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

கண்டியப்பன் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். ஜானோவைச் சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் ஒப்படைத்து முகம் கழுவ அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"என்னாச்சு மேடம்? கடிச்சுப்போட்டுச்சுங்களா?"

"இல்ல சார். இதைப் பாருங்க." அவள் பலகையை நீட்டினாள்.

அவர் பார்த்தார். "தொண்ணூறா? மெஷின் கெட்டுப்போச்சுங்களா?"

"கெடல. அது கத்துக்கிட்டதைத்தான் சொல்லுது. சார், ஆர்வம்னா என்னன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் காட்டணும். பெரிய பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். முதல் மார்க் வாங்கற பிள்ளைகளா ஆயிரக்கணக்குல பொறுக்கினோம். நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு ஆர்வம் இருக்கும்தானே? அவங்க உடம்பு வகுப்புல எப்படி இருக்கோ அதுதான் ஆர்வம்னு சொல்லிக் குடுத்தோம். நெஞ்சு வேகமா அடிக்கும். கை வேர்க்கும். பல்லைக் கடிச்சிருப்பாங்க. அதுக்கு ஆர்வம்னு பேர் வெச்சது மெஷின் இல்ல சார். நாங்க."

கண்டியப்பன் மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார்.

"அப்ப எம்பசங்க எழுவது எம்பதுன்னு வாங்கறது..."

"எல்லாமே பயம்னு சொல்ல மாட்டேன். ஆனா கலந்திருக்கு."

"நான் கைநீட்டி அடிச்சதே இல்லீங்களே மேடம்." அவர் குரல் சட்டென்று ஒடிந்துவிட்டது. "என்னை எங்க வாத்தியார் வெளுத்த வெளுப்புக்கு, நான் வாத்தியாரானா பிரம்பே தொட மாட்டேன்னு இருந்தேன். தொடவும் இல்லீங்க."

"நீங்க அடிக்க வேண்டியதில்ல சார். 'படிக்கலேன்னா மூட்டை தூக்கத்தான் போவே'ன்னு வீட்டுல தினம் ஒரு வார்த்தை போதும். நம்ம ஊர்ல அதைச் சொல்லாத வீடு எது? ஜானோ வீடு மாதிரி சில வீட்லதான் சொல்றதில்ல. உங்க வகுப்புலயே பூக்கடைக்காரர் பொண்ணு ஒருத்திக்கு எண்ணு பதினெட்டுதானே? அவ தமிழ்ப் பொண்ணுதான். அவளும் வெள்ளிக்கிழமை போறா."

மதியம் முங்லியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் வந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச்சொன்னதும் வந்து, உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பளிச் பளிச்சென்று பதில் வந்தது.

"இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா முங்லி?"

"பிடிச்சிருக்குங்க மிஸ்."

"இங்க யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்லைங்க மிஸ்." ஒரு நொடி கழித்து, கேட்காமலே சேர்த்துக்கொண்டாள். "இதுவரைக்கும் இல்லைங்க."

முங்லி திருப்பூர் வருவதற்கு முன் இரண்டு வருடம் எங்கேயோ ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தாள். மகளின் எண்பத்து மூன்று பயம்தான் என்று சாருமதி எடுத்துச் சொன்னபோது மைனோ அதைச் சொன்னாள். அங்கே சொந்த மொழியில் பேசினால் முழங்கால் போடவைப்பார்களாம். இருட்டறை ஒன்றும் இருந்ததாம். ஒரு லீவுக்குப் போய்ப் பார்த்தபோது மகள் தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் மைனோ. ஜானோவை அந்தப் பக்கமே அனுப்பவில்லை.

சைக்கிள் நிறுத்துமிடத்து நிழலில் நின்றுகொண்டு சாருமதி தன் மேலதிகாரி தாமோதரனை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொறுமை இழந்தார்.

"சாரு, தமிழ்நாடு முழுக்க எத்தனை பள்ளிக்கூடத்துல இது ஓடுது? ஒரு நாயை வெச்சு நான் போய்ச் சொல்ல முடியுமா, நாங்க அளந்தது தப்புன்னு?"

"நாயை விடுங்க சார். போன ஆகஸ்ட்ல மாநிலம் பூரா ஒரே நாள் எண் உச்சத்துக்குப் போச்சே, ஞாபகம் இருக்கா? புதுப் பாடத்திட்டத்துக்குப் பிள்ளைகள் அமோக வரவேற்புன்னு நாமகூட அறிக்கை விட்டோம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அன்னிக்குத் தடுப்பூசி முகாம் சார். இப்பத்தான் தேதியைப் பாத்தேன். பிள்ளைகள் வரிசையில நின்னுக்கிட்டு ஊசியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

சாருமதி கேட்க நினைத்ததை ஒரு தடவை விழுங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"உங்க பையன் பிரணவுக்கு எத்தனை சார்?"

"தொண்ணூத்தி நாலு. ஏன்?"

"காலையில சாப்பிடறானா?"

எங்கேயோ தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பால் குடிப்பான்," என்றார் தாமோதரன். "பரீட்சை அன்னிக்கு அதுவும் நிக்காது. வாந்தி எடுத்துருவான். சென்சிட்டிவ் பையன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்." பிறகு அவர் கேட்டார். "ஆதிரைக்கு?"

"தொண்ணூத்தாறு."

"சரி," என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "சரி" என்றார். "தடுப்பூசி நாள் கணக்கை எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமை நானே வரேன்."

அன்று சாயங்காலம் சாருமதி சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். ஆதிரை வழக்கம்போல மேசையில் இருந்தாள். சாருமதி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு எங்கயாவது போலாமா?"

ஆதிரை நிமிர்ந்தாள். அவள் கண்களில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. "ஐயோ, வேண்டாம்மா. எண் குறைஞ்சிரும்."

"குறையட்டுமே. நான் திட்டுவேனா?"

"நீ திட்ட மாட்டே." குழந்தை பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எண்பத்தெட்டு வந்துதுல்ல ஒரு தடவை, அன்னிக்கும் நீ திட்டல. நீ பேசாம இருந்தே. ராத்திரி வரைக்கும் பேசாமயே இருந்தே."

சாருமதிக்கு அந்த நாள் நினைவில் இல்லை. வேலைக் களைப்பாக இருந்திருக்கலாம். தலைவலியாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி, அதற்கு விலை கொடுத்தது இந்தக் குழந்தை. அவள் கையை நீட்டி மகளின் காது மடலிலிருந்து கம்மலை மெல்லப் பிரித்து எடுத்தாள். அது ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு இருந்தது.

"அன்னிக்கு அம்மாவுக்கு என்னமோ களைப்பு கண்ணு. உன்மேல ஒண்ணுமே இல்ல. நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"இதைக் கழட்டினா பதிவாகாதேம்மா?"

"ஆக வேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே போட வேண்டாம்."

ஆதிரை நம்பாமல் அவளைப் பார்த்தாள். அம்மா விளையாடவில்லை என்று தெரிந்ததும், கண்ணீர் எதுவும் வராமலே அவள் முகம் ஒரு மாதிரி கோணியது. எழுந்து வந்து, பத்து வயதுப் பெண் மூன்று வயதுப் பிள்ளையைப்போல மடியில் ஏறி உட்கார்ந்தாள். முதலில் விறைப்பாக இருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கே தூங்கிப்போனாள். மறுநாள் அவளை எழுப்பச் சாருமதி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பள்ளிப் பேருந்து போயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நினைத்ததைவிடச் சுருக்கமாக முடிந்தது. தடுப்பூசி நாளின் கோடு திரையில் கோபுரம்போல எழும்பி நின்றதைப் பார்த்ததும், குழுத் தலைவியாக இருந்த அதிகாரியம்மாள் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். தாமோதரன் தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் "இந்த எண்ணை வைத்து ஒரு குழந்தையையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று உருவாக்கியவர்களாகிய நாங்களே கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுந்து நின்று சொன்னார். பிரித்து அனுப்பும் வேலை அன்றே நிறுத்தப்பட்டது. கம்மலில் இருந்த எண்ணைக் கம்பெனியே எடுத்துவிட்டது. மொழி மட்டும் மிச்சமிருந்தது.

சாருமதி நேரே சாயப்பட்டறை வீதிக்குப் போனாள். டீக்கடையில் மைனோ அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். மதிய வேலைக்கே அவள் போகவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஜானோ எங்கயும் போக வேண்டாம். ஆறாம் வகுப்பு இங்கதான்."

மைனோ அப்படியே கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் தோள் குலுங்க இருந்தாள். முகத்தை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"அந்த எண்ணையே எடுத்தாச்சு. இனிமே யாருக்கும் கிடையாது."

மைனோ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "பெரியவளுக்கு எம்பத்தி மூணுன்னு சொன்னீங்களே அக்கா. எண்ணை எடுத்தா உள்ள இருக்கறது போயிருமா?"

"அது போகாதுங்க."

"அதைக் கொறைக்க வழி ஏதாவது இருக்குதா?"

இத்தனை வருடத்தில் எண்ணைக் கூட்ட வழி கேட்ட தாய்மார்களைத்தான் சாருமதி பார்த்திருக்கிறாள்.

"இருக்கும்," என்றாள். "மெதுவாத்தான் ஆகும். நானும் என் பொண்ணுக்கு அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பயமில்லேன்னா மட்டும் போதுமான்னும் இருக்குதுக்கா," என்றாள் மைனோ. "சின்னவ விளையாட்டுப் புத்தி. நாளைக்குப் படிக்காமயே போயிட்டா?"

"அதுக்கு வாத்தியார் இருக்காரு."

"அவரு பாவம்," என்றாள் மைனோ. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

கண்டியப்பன் பாவம்தான். எண் இல்லாமல் வகுப்பு எடுப்பது அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதுபோல இருந்தது. யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே சாருமதியை அழைத்தார்.

"ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க மேடம். பாப்பாவையும் கூட்டியாங்க."

அவர்கள் போனபோது வகுப்பு மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு என்று சொன்னால் கொஞ்சம் மிகை. பிள்ளைகள் கும்பலாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜானோ. அவள் கையில் கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைப் பனியன் துணியின் துண்டு ஒன்று இருந்தது. அதை அவள் தரையில் விரித்தாள். விரித்ததுமே துணியின் ஓரங்கள் தாமாகச் சுருண்டுகொண்டன. இரண்டு பக்கமும் ஒரு திசையில், மேலும் கீழும் எதிர்த் திசையில். மறுபடி தடவி விரித்தாள். மறுபடி சுருண்டது.

ஜானோ நிமிர்ந்து, புதிதாக வந்து நின்ற ஆதிரையைப் பார்த்துச் சந்தாலியில் ஏதோ கேட்டாள். சாருமதி தன் காதிலிருந்த கம்மலை எடுத்து ஆதிரையின் காதில் வைத்தாள். மகள் ஒரு கணம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதுல எண் கிடையாது கண்ணு. பேச்சு மட்டும்தான்."

ஜானோ மறுபடியும் கேட்டாள். "இது ஏன் இப்படிச் சுருளுதுன்னு உனக்குத் தெரியுமா?"

ஆதிரை துணியைப் பார்த்தாள். சாருமதிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தெரியாதே," என்றாள் ஆதிரை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமே என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கவுன் மண்ணாவதைப் பார்க்காமல் ஜானோவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "இங்க குடு, நான் ஒருக்கா விரிக்கிறேன்."

"அட, இதென்ன பெரிய விசயம்," என்று கண்டியப்பன் எட்டிப் பார்த்தார். "நூலு தண்ணி பட்டா சுருங்குமில்ல? அதான்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். அப்போது ஏழாம் வகுப்பிலிருந்து தங்கையைப் பார்க்க வந்து பின்னால் நின்றிருந்த முங்லி ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன சாமி?" என்றார் கண்டியப்பன்.

முங்லி துணியைக் காட்டினாள். "இல்லைங்க சார். இது நனையவே இல்லைங்க. வெட்டினதுமே சுருளுதுங்க."

கண்டியப்பன் துணியை வாங்கினார். மூக்கருகே வைத்துப் பார்த்தார், ஓரத்தை விரலால் நிமிர்த்தி விட்டார். அது சாவகாசமாகச் சுருண்டுகொண்டது.

"அட, ஆமா," என்றார். "அப்ப ஏன் சுருளுது?"

முங்லி பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பிள்ளைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார். நான்கைந்து கைகள் ஒரே நேரத்தில் துணியை இழுத்தன. ஆதிரை ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடித்து உருவ ஆரம்பித்தாள்.